ஒரே 5.3 கோடி டாலர் ஒப்பந்தம்: டூவா கைக்கு எவ்வளவு வரும், பர்டி கைக்கு எவ்வளவு வரும்?

நாலாம்டவுன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என்.எஃப்.எல். (அமெரிக்க ஃபுட்பால் லீக்) பாக்கிறவங்க, அமெரிக்காவுல வரி கட்டுறவங்க ரெண்டு தரப்பும் இங்க இருக்கிறதால கேக்கறேன்.

2024 ஜூலையில மயாமி டால்ஃபின்ஸ் அவங்க குவார்ட்டர்பேக் (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துற வீரர்) டூவா டாகோவைலோவாவுக்கு 4 வருஷத்துக்கு 21.24 கோடி டாலர் எழுதிக் கொடுத்தாங்க. வருஷத்துக்கு 5.31 கோடி. 2025 மே மாசம் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அவங்க குவார்ட்டர்பேக் பிராக் பர்டிக்கு 5 வருஷத்துக்கு 26.5 கோடி. வருஷத்துக்கு 5.3 கோடி. செய்தியில ரெண்டு பேரையும் ஒரே வரிசையில வைக்கிறாங்க. ஆனா ஃப்ளோரிடாவுல மாநில வருமான வரியே கிடையாது, கலிஃபோர்னியாவுல 13.3% வரைக்கும் போகுதுங்கிறாங்க. அப்படின்னா இது எப்படி ஒரே சம்பளம்?

நம்ம ஊர்ல இந்தப் பிரச்சினையே இல்ல. ஐ.பி.எல்.ல சென்னைக்கு ஆடினாலும் மும்பைக்கு ஆடினாலும் வருமான வரி மத்திய அரசுக்குத்தான். மாநிலம் வாங்குற தொழில் வரி வருஷத்துக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாதுன்னு அரசியல் சட்டமே சொல்லுது. அதனால இந்தக் கணக்கு எனக்குப் புதுசு. யாராவது விளக்கமா எழுதுங்க.

மயாமி_மாறன் எழுதியது:

இதுக்கு உதாரணம் எங்க டீம்லயே இருக்கு தம்பி. 2022 மார்ச்சுல கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் டைரீக் ஹில்லை விக்கத் தயாரானப்போ போட்டியில நின்னது ரெண்டு டீம்: நியூயார்க் ஜெட்ஸ், எங்க டால்ஃபின்ஸ். ஹில் மயாமிக்கு வந்து 4 வருஷத்துக்கு 12 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். ஜெட்ஸ் பக்கம் போகாததுக்கு மாநில வரியும் ஒரு காரணம்னு பின்னாடி அவரே வெளிப்படையாச் சொன்னார். பேர்தான் நியூயார்க் ஜெட்ஸ். அவங்க ஆடுறதும் பயிற்சி எடுக்குறதும் நியூ ஜெர்சியில. அங்க 10 லட்சம் டாலருக்கு மேல போனா 10.75%.

பேக்கர்ஸ்பிரியன் எழுதியது:

இது வெளிப்படையான அநியாயம். சேலரி கேப் (வருஷத்துக்கு ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு) 32 அணிக்கும் ஒன்று. 2025இல் 27.92 கோடி டாலர். அதில் ஒரு டாலர் கூட மாநிலத்தைப் பார்த்து மாறாது. பெங்கால்ஸின் ஜோ பர்ரோ, ஜாகுவார்ஸின் ட்ரெவர் லாரன்ஸ், எங்கள் பேக்கர்ஸின் ஜோர்டன் லவ், மூவருமே வருஷத்துக்கு 5.5 கோடி டாலர் ஒப்பந்தக்காரர்கள். லாரன்ஸுக்கு ஃப்ளோரிடாவில் மாநில வரி பூஜ்யம். லவ்வுக்கு விஸ்கான்சினில் 7.65%. பர்ரோவுக்கு ஒஹாயோ மாநில வரி, அதற்கு மேல் சின்சினாட்டி நகரத்துக்கு 1.8%. இவர்களை ஒரே சம்பளக்காரர்கள் என்று எப்படிச் சொல்வது?

ஃப்ளோரிடாவில் மூன்று அணி, டெக்ஸாஸில் இரண்டு, டென்னஸி, நெவாடா, வாஷிங்டன் மாநிலங்களில் ஒவ்வொன்று. ஆக எட்டு அணிகள் ஒவ்வொரு ஃப்ரீ ஏஜென்ட் (ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகக்கூடிய வீரர்) பேரத்திலும் முன்கூட்டியே ஒரு படி மேலே நிற்கின்றன.

வரிக்கணக்கு எழுதியது:

கலிஃபோர்னியாவில் வரித் தாக்கல் செய்து கொடுப்பதுதான் என் தொழில். என்னிடம் வருகிறவர்கள் ஃபுட்பால் வீரர்கள் இல்லை. ஆனால் பல மாநிலங்களில் வேலை செய்கிறவர்களின் கணக்கு தினமும் கையில் புரள்கிறது. அடிப்படை ஒன்றுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், அணி எந்த மாநிலத்தின் பெயரைச் சுமக்கிறது என்பதை வைத்து வரி போடுவதில்லை. வீரர் எந்த மாநிலத்தில் எத்தனை நாள் வேலை செய்தார் என்று பார்க்கிறார்கள். இதற்கு டூட்டி நாள் என்று பெயர். சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாம் தொடங்கும் நாளிலிருந்து கடைசி ஆட்டம் வரை அணிக்காகச் செலவிட்ட எல்லா நாளும் இதில் வரும். ஆட்டம், பயிற்சி, கூட்டம், வீடியோ பார்ப்பது, வெளியூர் பயணம் எல்லாம் சேர்த்து. மொத்தம் 170 நாள் என்று வையுங்கள். ஒரு மாநிலத்தில் 2 நாள் இருந்தால், சம்பளத்தில் 170இல் 2 பங்கு அந்த மாநிலத்தில் சம்பாதித்ததாகக் கணக்கு. அந்தப் பங்குக்கு அந்த மாநிலம் வரி வாங்கும். இதைத்தான் ஜாக் டாக்ஸ் என்கிறார்கள்.

ஆகவே ஃப்ளோரிடா அணிக்கு ஆடினாலும் டூவா மாநில வரியே கட்டாதவராக ஆகிவிட மாட்டார். டால்ஃபின்ஸ் இருக்கும் பிரிவைப் பாருங்கள். பில்ஸ், ஜெட்ஸ், பேட்ரியாட்ஸ். ஒவ்வொரு வருஷமும் நியூயார்க் மாநிலம், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் மூன்றுக்கும் போயே ஆக வேண்டும். மூன்றும் வரி அதிகமுள்ள மாநிலங்கள். மாசசூசெட்ஸில் 2022 நவம்பரில் மக்கள் வாக்களித்து, 10 லட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்குக் கூடுதலாக 4% போட்டார்கள். 2023 முதல் அங்கே மேல் அடுக்கு 9%. ஹியூஸ்டன் டெக்சன்ஸுக்கு அந்தத் தொல்லை குறைவு. அவர்கள் பிரிவில் ஜாகுவார்ஸும் டைட்டன்ஸும் வரியில்லாத மாநிலத்து அணிகள். மிச்சம் இருப்பது இண்டியானாபோலிஸ் ஒன்று, அங்கே மாநில வரி 3% அளவுதான். வரியில்லாத எட்டு அணிகளிலும் வரிக்கு மிக வசதியான அட்டவணை ஹியூஸ்டனுடையது என்பது என் கருத்து.

இப்போது கேள்விக்கு வருகிறேன். 5.3 கோடி டாலர் முழுவதும் ஒரே வருஷச் சம்பளமாகக் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம் (உண்மையில் அப்படி வராது). பர்டி கலிஃபோர்னியாவில் குடியிருந்தால் 13.3%. அதோடு 2024 முதல் மாநில ஊனமுற்றோர் காப்பீட்டுப் பிடித்தத்துக்கு இருந்த சம்பள வரம்பை நீக்கிவிட்டார்கள். 2025இல் அது 1.2%, முழுச் சம்பளத்துக்கும். சேர்த்தால் 14.5%. ஆக 75 லட்சம் டாலருக்கு மேல் மாநிலத்துக்கே போகிறது. டூவாவுக்கு வெளியூர் நாட்கள் 18 என்றும், போகிற இடங்களின் சராசரி வரி 6% என்றும் எடுத்தால், 4 லட்சம் டாலருக்குள் முடிந்துவிடும். வித்தியாசம் வருஷத்துக்கு 70 லட்சம் டாலருக்கு மேல்.

நாலாம்டவுன் எழுதியது:

70 லட்சம் டாலரா! அந்தக் காசுல நல்ல ஸ்டார்ட்டிங் லைன்மேன் ஒருத்தரையே எடுக்கலாமே.

சார், ஒரு சந்தேகம். மாநிலத்துக்குக் கட்டினதை ஃபெடரல் வரியில கழிச்சுக்கலாம்னு சொல்வாங்களே, அது என்னாச்சு?

வரிக்கணக்கு எழுதியது:

2017 வரை கழிக்கலாம். அப்போது ஃபெடரல் மேல் அடுக்கு 39.6%. கலிஃபோர்னியாவுக்கு 13.3% கட்டியவருக்கு ஃபெடரல் வரியில் 5% அளவுக்குத் திரும்பக் கிடைத்துவிடும், உண்மையான சுமை 8% பக்கம்தான். 2017 டிசம்பரில் வந்த சட்டம், மாநில, உள்ளூர் வரிகளுக்கான கழிவுக்கு 10,000 டாலர் என்று உச்சவரம்பு போட்டது. கோடியில் சம்பாதிப்பவருக்கு அது ஒன்றுமே இல்லை. 2025 சட்டத்தில் அதை 40,000 ஆக்கினார்கள், ஆனால் வருமானம் 5 லட்சம் டாலரைத் தாண்டினால் படிப்படியாகக் குறைந்து மறுபடி 10,000தான். வீரர்களுக்கு மாற்றமே இல்லை.

அதே 2017 சட்டம் இன்னொன்றும் செய்தது. ஏஜென்ட் கமிஷனை (என்.எஃப்.எல்.இல் அதிகபட்சம் 3%) முன்பு செலவாகக் கழிக்க முடிந்தது. 2018 முதல் முடியாது.

எனவே இன்று ஃபெடரல் 37%, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீட்டு வரி) 2.35%. ஃப்ளோரிடாவில் 1 கோடி டாலர் வாங்கினால் வெளியூர் வரியும் போகக் கையில் சுமார் 60 லட்சம். கலிஃபோர்னியாவில் அதே 1 கோடிக்கு 46 லட்சம். அந்த 60 லட்சத்தைக் கலிஃபோர்னியாவில் கைக்குக் கொண்டுவர ஒப்பந்தத்தில் சுமார் 1.3 கோடி எழுத வேண்டும். அந்த 30 லட்சமும் சேலரி கேப்பிலிருந்துதான் போகும்.

பேக்கர்ஸ்பிரியன் எழுதியது:

நான் சொன்னதும் இதுதான். கேப்பை மாநில வரிக்கு ஏற்ப ஏற்றி இறக்க வேண்டும். வேறு வழியே இல்லை.

சியாட்டில்_செல்வி எழுதியது:

வேறு வழி இல்லை என்று அவ்வளவு வேகமாக முடிவு செய்யாதீர்கள் நண்பரே. வரியில்லாத மாநிலம் அவ்வளவு பெரிய வரம் என்றால் வெற்றியில் தெரிய வேண்டுமே. டால்ஃபின்ஸ் கடைசியாக ஒரு பிளேஆஃப் ஆட்டம் ஜெயித்தது 2000 டிசம்பரில். ஜாகுவார்ஸ் சூப்பர் பவுலுக்கு (இறுதிப் போட்டிக்கு) போனதே இல்லை, டெக்சன்ஸும் இல்லை. கௌபாய்ஸ் கோப்பை எடுத்தது தொண்ணூறுகளோடு சரி. அதே சமயம் பேட்ரியாட்ஸ் மாசசூசெட்ஸில் இருந்துகொண்டு ஆறு கோப்பை எடுத்தார்கள். சீஃப்ஸ் மிசூரியில் 2019 சீசனிலிருந்து மூன்று, அதிலும் கான்சஸ் சிட்டி நகரத்துக்கு 1% தனி வரி உண்டு. ராம்ஸ் கலிஃபோர்னியாவில் இருந்தபடியே 2021 சீசனை ஜெயித்தார்கள். நல்ல குவார்ட்டர்பேக், நல்ல கோச், நல்ல டிராஃப்ட் (கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுப்பது). இந்த மூன்றுக்கு முன்னால் வரி சின்ன விஷயம்.

அப்புறம், எங்கள் சீஹாக்ஸையும் அந்த எட்டில் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பையன்கள் ஒவ்வொரு வருஷமும் கலிஃபோர்னியாவுக்கு இரண்டு முறையாவது போகிறார்கள், ஃபார்ட்டிநைனர்ஸ், ராம்ஸ் என்று. 2026 பிப்ரவரியில் சூப்பர் பவுலும் அங்கேதான், சாண்டா கிளாராவில். பேட்ரியாட்ஸை 29-13 என்று அடித்தோம். அந்த ஒரு வாரத்துக்கு சாம் டார்னால்டு கலிஃபோர்னியாவுக்குக் கட்ட வேண்டிய வரி, அவர் வாங்கிய வெற்றித் தொகையை விட அதிகம் என்று எல்லா இடத்திலும் எழுதினார்கள். அது எப்படி என்று வரிக்கணக்கு சார் சொன்னால் நன்றாக இருக்கும். ஜெயித்ததற்குக் கிடைத்த பணத்தை விட வரி அதிகம் என்றால் யாருக்குமே மனசு கேட்காது.

வரிக்கணக்கு எழுதியது:

அம்மா, அது நடக்கக்கூடியதுதான். சட்டப்படி சரியும்கூட. காரணம், சூப்பர் பவுல் தொகைக்கு மட்டும் வரி போடுவதில்லை. அந்த வாரத்தின் டூட்டி நாட்கள் மொத்தச் சம்பளத்தையும் இழுத்துக்கொண்டு வரும்.

டார்னால்டின் ஒப்பந்தம் 3 வருஷத்துக்கு 10.05 கோடி, சராசரி 3.35 கோடி. அணி ஒரு வாரம் முன்னதாகவே வந்து தங்கிவிடும். 8 நாள் என்று வையுங்கள். 170இல் 8 என்றால் 4.7%. 3.35 கோடியில் 4.7% ஏறத்தாழ 15.8 லட்சம் டாலர். இவ்வளவும் கலிஃபோர்னியாவில் சம்பாதித்ததாகிறது. அதில் 13.3% எடுத்தால் சுமார் 2.1 லட்சம். வென்ற அணி வீரருக்குக் கிடைத்த தொகை 1.78 லட்சம். 2016இல் இதே மைதானத்தில் நடந்த 50ஆவது சூப்பர் பவுலின்போது கேம் நியூட்டன் பெயரை வைத்து இதே செய்தி ஓடியது. அப்போது வென்றவருக்கு 1,02,000, தோற்றவருக்கு 51,000. நியூட்டன் தோற்ற பக்கம், அதனால் இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

ஆனால் இது பெரிய சம்பளக்காரருக்கு மட்டுமே. அதே சீஹாக்ஸில் 10 லட்சம் டாலர் வாங்கும் வீரருக்கு அந்த 8 நாளுக்கு 47,000 டாலர்தான் கலிஃபோர்னியா வருமானம். அதற்கு வரி சில ஆயிரங்கள். 1.78 லட்சத்தில் பெரும்பகுதி அவர் கையிலேயே நிற்கும்.

மயாமி_மாறன் எழுதியது:

நல்லா புரியுது சார். இந்த ஜாக் டாக்ஸ் எப்ப ஆரம்பிச்சது? மைக்கேல் ஜோர்டன் பேரைச் சொல்வாங்களே?

வரிக்கணக்கு எழுதியது:

1991 என்.பி.ஏ. இறுதிப் போட்டியில் சிகாகோ புல்ஸ், லேக்கர்ஸை லாஸ் ஏஞ்சலஸில் வைத்துத் தோற்கடித்தது. கலிஃபோர்னியா அங்கே ஆடிய நாட்களுக்குப் புல்ஸ் வீரர்களிடம் வரி வாங்கியது. கோபம் வந்த இலினாய், தன் வீரர்களிடம் வரி வாங்கும் மாநிலங்களின் வீரர்களுக்கு மட்டும் பதில் வரி போட்டது. மற்ற மாநிலங்களும் பார்த்தன, தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் வேலையை ஒளித்து வைக்க முடியாது, சம்பளமும் ஊரறிந்தது. வசூல் சுலபம். ஒவ்வொன்றாக இறங்கிவிட்டன.

எப்படிப் பங்கு பிரிப்பது என்பதில் தகராறு நெடுங்காலம் ஓடியது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது கிளீவ்லாந்து வழக்கு. அந்த நகரம் 2% வரி வாங்கியது, ஆனால் டூட்டி நாள் கணக்கில் இல்லை, ஆட்டக் கணக்கில். சிகாகோ பேர்ஸ் லைன்பேக்கர் ஹண்டர் ஹிலன்மேயர் வருஷத்தில் 20 ஆட்டம் ஆடி, அதில் ஒன்று கிளீவ்லாந்தில் என்றால் சம்பளத்தில் 5% தங்களுடையது என்றார்கள். அவர் அங்கே இருந்தது 157 டூட்டி நாளில் 2 நாள். ஒன்றேகால் சதவீதம் சொச்சம்தான். நாலு மடங்கு வித்தியாசம். ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 2015 ஏப்ரலில் ஒருமனதாக அந்த முறையை ரத்து செய்தது.

அதே நாளில் தீர்ந்த இணை வழக்கு இன்னும் அநியாயம். கோல்ட்ஸ் சென்டர் ஜெஃப் சாட்டர்டே, 2008இல் காயம் காரணமாகக் கிளீவ்லாந்துக்குப் போகவே இல்லை. இண்டியானாபோலிஸில் சிகிச்சைப் பயிற்சியில் இருந்தார். அவரிடமும் வரி பிடித்தார்கள். கால் வைக்காத ஊருக்கு வரி! நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது.

பிட்ஸ்பர்க்கும் இதே மாதிரி மாட்டிக்கொண்டது. மைதானம் பயன்படுத்தும் கட்டணம் என்று வெளியூர் வீரர்களிடம் மட்டும் 3% வாங்கியது. உள்ளூர்க்காரருக்கு நகர வரி 1%, பள்ளிக்கூட வரி 2%, மொத்தம் அதே 3% தானே என்பது நகரத்தின் வாதம். பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 2025இல் அதை ஏற்கவில்லை.

டல்லாஸ்ரமணி எழுதியது:

இந்த இழையைக் கவனிச்சுட்டே வர்றேன். ஒருத்தரும் சைனிங் போனஸ் பத்திப் பேசலையே. பெரிய பணம் இருக்கிறதே அங்கதான்.

என்.எஃப்.எல். ஒப்பந்தத்துல வருஷச் சம்பளம் ஒரு பகுதிதான். கையெழுத்துப் போட்டதும் கொடுக்குற சைனிங் போனஸை, கேப் கணக்குல அதிகபட்சம் 5 வருஷத்துக்குப் பிரிச்சு எழுதுவாங்க. காசு முன்னாடியே கைக்கு வந்துடும். வரி விதி என்னன்னா, அந்த போனஸ் ஆட்டத்துல ஆடுறதோட சம்பந்தப்படாம, சம்பளத்துலேர்ந்து தனியா, திருப்பிக் கேக்க முடியாத பணமா இருந்தா, அதை டூட்டி நாள் கணக்குல சேர்க்காம வீரர் குடியிருக்கிற மாநிலத்துக்கே விட்டுடறாங்க. ஃபார்ட்டிநைனர்ஸுக்கு ஆடுற ஒருத்தர் உண்மையிலேயே டெக்ஸாஸ்ல குடும்பத்தோட குடியிருந்தா, சைனிங் போனஸுக்குக் கலிஃபோர்னியா வரி விழாம வாங்கிக்க வழி உண்டு. ஏஜென்ட்டுங்க கலிஃபோர்னியா டீம்கிட்டப் பேசும்போது சம்பளத்தைக் குறைச்சு போனஸைக் கூட்டச் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

நாலாம்டவுன் எழுதியது:

அப்ப எல்லாரும் ஃப்ளோரிடாவுல ஒரு வீடு வாங்கிப் போட்டா முடிஞ்சுதே அண்ணா?

டல்லாஸ்ரமணி எழுதியது:

இல்லப்பா. சம்பளப் பகுதிக்கு அது உதவவே உதவாது. ஃபார்ட்டிநைனர்ஸ்காரர் பயிற்சி எடுக்குறது சாண்டா கிளாராவுல. டூட்டி நாள்ல பத்துல ஒன்பது அங்கதான் கழியும். வீடு எங்க இருந்தாலும் அந்த ஒன்பது பங்கு கலிஃபோர்னியாவுக்குத்தான். ஃப்ளோரிடா வீடு காப்பாத்துறது சைனிங் போனஸ், விளம்பர வருமானம், முதலீட்டு வருமானம் இதையெல்லாம்தான். அதுக்கும் பத்திரம் மட்டும் போதாது. குடும்பம் எங்க இருக்கு, ஓட்டு எங்க, லைசென்ஸ் எங்க, சீசன் முடிஞ்சா எங்க போறார்னு எல்லாத்தையும் துருவுவாங்க.

ஸ்டேடியத்தை விடப் பயிற்சி மைதானம் எங்க இருக்குங்கிறதுதான் வரியைத் தீர்மானிக்குது. வாஷிங்டன் கமாண்டர்ஸைப் பாரு. பேரு வாஷிங்டன், ஸ்டேடியம் மேரிலாந்துல, பயிற்சி வர்ஜீனியாவுல ஆஷ்பர்ன்ல. அவங்க நாள் கணக்குல பெரும்பகுதி வர்ஜீனியா. ரெய்டர்ஸ் 2020ல ஓக்லாந்தை விட்டு லாஸ் வேகாஸ் போனப்ப, பயிற்சி நெவாடாவுல ஹெண்டர்சனுக்குப் போயிடுச்சு. ஒப்பந்தத்துல ஒரு எழுத்து மாத்தாமலேயே ஒவ்வொரு வீரருக்கும் சம்பள உயர்வு.

வரிக்கணக்கு எழுதியது:

ரமணி சார் சொன்னது அத்தனையும் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 'திருப்பிக் கேட்க முடியாத' என்ற நிபந்தனையில் சிக்கல் இருக்கிறது. என்.எஃப்.எல். கூட்டு ஒப்பந்தப்படி (லீகும் வீரர் சங்கமும் போட்டுக்கொண்டது), வீரர் பாதியில் ஓய்வு பெற்றாலோ முகாமுக்கு வராமல் போனாலோ, சைனிங் போனஸில் ஒரு பகுதியை அணி திரும்பக் கேட்கலாம். அப்படி ஒரு ஷரத்து இருக்கும்போது இது நிபந்தனையற்ற பணம்தானா என்று மாநில அதிகாரி கேள்வி எழுப்ப இடம் உண்டு. ஒப்பந்தத்தின் வார்த்தைகளை எழுதும்போதே வரி ஆலோசகர் பக்கத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு எங்களைப் போன்றவர்களிடம் வந்து பிரயோஜனமில்லை.

நாலாம்டவுன் எழுதியது:

இன்னொரு கேள்வி. பேஸ்பால்ல லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் வீரர் ஷோஹெய் ஒட்டானி 70 கோடி டாலர்ல 68 கோடியை 2034லேர்ந்து 2043க்குள்ள வாங்கிக்கிறேன்னு எழுதினாரே. அப்ப அவர் கலிஃபோர்னியாவை விட்டுப் போயிருந்தா வரி தப்பிக்குமா? ஃபுட்பால்ல ஏன் யாரும் அப்படிச் செய்யறதில்ல?

டல்லாஸ்ரமணி எழுதியது:

1996ல வந்த ஃபெடரல் சட்டம் ஒண்ணு இருக்கு. குறைஞ்சது 10 வருஷத்துக்குச் சமத் தவணையா வர்ற சில வகைத் தள்ளிவைச்ச சம்பளத்துக்கு, சம்பாதிச்ச மாநிலம் வரி போட முடியாது. வாங்கும்போது குடியிருக்கிற மாநிலம்தான் போடலாம். ஒட்டானிக்கு வருஷத்துக்கு 6.8 கோடி, 10 வருஷம். பொருந்தற மாதிரிதான் எழுதியிருக்காங்க.

என்.எஃப்.எல்.ல அது ஓடாததுக்குக் காரணம், அங்க உத்தரவாதம் கொடுத்துத் தள்ளிவைக்கிற பணத்தை அணி முன்கூட்டியே ஒரு காப்புக் கணக்குல போட்டு வைக்கணும். காசு எப்படியும் இன்னிக்கே கைவிட்டுப் போயிடுது, அப்புறம் முதலாளிக்கு என்ன லாபம்? வீரருக்கும் அவசரம். ஃபுட்பால்ல சராசரி ஆட்ட வாழ்க்கை மூணு வருஷத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

பேக்கர்ஸ்பிரியன் எழுதியது:

இதெல்லாம் பேரம் பேசும் நிலையில் இருப்பவர்களுக்கு. கல்லூரியிலிருந்து வரும் பையனின் நிலைமை என்ன? டிராஃப்டில் எந்த அணி கூப்பிடுகிறதோ அங்கே போக வேண்டும். 2011 கூட்டு ஒப்பந்தத்திலிருந்து எத்தனையாவது ஆள் என்பதை வைத்துத் தொகையும் தீர்மானமாகிவிட்டது.

2023 டிராஃப்டை எடுங்கள். முதல் ஆள் பிரைஸ் யங், பேந்தர்ஸ், 4 வருஷத்துக்கு சுமார் 3.79 கோடி டாலர். இரண்டாவது ஆள் சி.ஜே. ஸ்ட்ராவுட், டெக்சன்ஸ், சுமார் 3.63 கோடி. வட கரோலினாவில் அந்த வருஷம் 4.75%, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். இருவரும் அணியின் மாநிலத்திலேயே குடியிருந்தால் ஸ்ட்ராவுட் கையில் நிற்பது யங்கை விட 5 லட்சம் டாலருக்கு மேல் அதிகம். முதல் இடத்தில் தேர்வானவன் இரண்டாவது ஆளை விடக் குறைவாக வாங்குகிறான். அவன் எந்தத் தேர்வும் செய்யவில்லை. ஃப்ரான்சைஸ் டேக் (ஒப்பந்தம் முடிந்த வீரரை வெளியே விடாமல் அணி ஒரு வருஷம் பிடித்து வைக்கும் முறை) போட்டால் அங்கேயும் இதே கதை. அந்தத் தொகையும் நாடு முழுக்க ஒன்று.

செல்வி அவர்களே, கோப்பை எண்ணிக்கையைக் காட்டினீர்கள். நான் பேசுவது கோப்பையைப் பற்றி அல்ல. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று எழுதிவிட்டு, வெவ்வேறு கூலி கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றி.

சியாட்டில்_செல்வி எழுதியது:

அந்த டிராஃப்ட் கணக்கு நியாயமான வாதம், ஒப்புக்கொள்கிறேன். தேர்வே இல்லாதவர்களுக்கு ஏதாவது செய்யலாம். முதல் ஒப்பந்தத்துக்கு மட்டும் வரி ஈட்டுத்தொகை, அதுவும் கேப்பில் சேராமல் கொடுத்தால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை.

ஆனால் முழு கேப்பையும் வரிக்கேற்ப மாற்றுவது நடக்காத காரியம். எந்த வரியை எடுப்பீர்கள்? மாநிலமா, நகரமுமா? வெளியூர் நாட்களைச் சேர்ப்பீர்களா? ஒரே அணியில் ஒருவர் உள்ளூரில் குடியிருக்கிறார், இன்னொருவர் டென்னஸியில். சட்டசபை வரியை மாற்றும்போதெல்லாம் கேப்பும் மாறுமா? முதலாளிகளில் 24 பேர் கை தூக்க வேண்டும். எங்கள் எட்டு அணிகளோடு இன்னும் ஒரே ஒரு அணி சேர்ந்தால் தீர்மானம் விழுந்துவிடும். அரிசோனாவில் 2.5% தான், பென்சில்வேனியாவில் மாநில வரி 3.07% தான். அவர்கள் எதற்காக மின்னசோட்டாவின் 9.85 சதவீதத்துக்கு இடம் விட்டுக் கொடுப்பார்கள்? தற்போதைய கூட்டு ஒப்பந்தமும் 2030 சீசன் வரை ஓடும்.

பேக்கர்ஸ்பிரியன் எழுதியது:

கடினம் என்பது வேறு, நியாயமில்லை என்பது வேறு. ஆனால் அந்த முதல் ஒப்பந்த யோசனையை நான் ஆதரிக்கிறேன். வீரர் சங்கம் 2030க்கு முன்பே அதை மேஜையில் வைக்க வேண்டும்.

மயாமி_மாறன் எழுதியது:

எனக்குக் கவலை பெரிய ஆளுங்களைப் பத்தி இல்ல. பிராக்டிஸ் ஸ்குவாடுல (பயிற்சிக்குன்னு வைக்கிற கூடுதல் ஆளுங்க) வாரச் சம்பளத்துக்கு இருக்கிற பையன், குறைஞ்சபட்சச் சம்பளத்துல முதல் வருஷம் ஆடுற பையன் (2025ல அது 8,40,000 டாலர்), இவங்களும் இதே மாதிரி எட்டு, ஒன்பது மாநிலத்துல தாக்கல் பண்ணணுமா?

வரிக்கணக்கு எழுதியது:

பண்ண வேண்டும். அவர்கள் மட்டுமல்ல, அணியோடு பயணம் செய்யும் கோச், ட்ரெயினர் முதலானவர்களும் பல மாநிலங்களில் இதே டூட்டி நாள் கணக்கில் வருகிறார்கள். சம்பளம் சாதாரணம், தாக்கல் வேலை மட்டும் குவார்ட்டர்பேக்குக்கு உள்ள அளவு. இதுதான் இந்த முறையில் எனக்குப் பிடிக்காத பகுதி. வருஷம் எட்டு மாநிலப் படிவம் தயாரிக்க ஆகும் கட்டணம், சில மாநிலங்களுக்கு அவர் கட்டும் வரியையே தாண்டிவிடும். இவ்வளவு நாளுக்குக் குறைவாக இருந்தால் வரி வேண்டாம் என்று சாதாரண ஊழியர்களுக்கு விலக்கு கொடுக்கும் மாநிலங்களில்கூட, தொழில்முறை விளையாட்டு வீரர்களுக்கு அது இல்லை என்று தனியாக எழுதி வைத்திருப்பார்கள்.

யாருக்காவது தெரிந்த பையன் அந்த நிலையில் இருந்தால் இதைச் சொல்லுங்கள். ஜனவரி கடைசியில் அணி டபிள்யூ-2 (வருஷச் சம்பளம், பிடித்த வரி விவரம்) படிவம் அனுப்பும். ஒரு படிவத்தில் இரண்டு மாநிலங்களுக்குத்தான் இடம் இருக்கும், அதனால் நான்கைந்து தாள்களாக வரும். 15 முதல் 17 வரையுள்ள கட்டங்களில் எந்த மாநிலம், எவ்வளவு சம்பளம் அங்கே ஒதுக்கினார்கள், எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று இருக்கும். அதை அவனுடைய சொந்த நாட்குறிப்போடு ஒத்துப் பார்க்க வேண்டும். காயத்தில் வீட்டிலேயே இருந்த வாரத்துக்கு, போகாத ஊரின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். இருந்தால், அந்த மாநிலத்துக்குக் கட்டுவதற்கு முன்பே அணியின் சம்பளப் பிரிவுக்கு எழுதித் திருத்தப்பட்ட படிவம் கேட்கலாம். குடியிருக்கும் மாநிலத்தில் வருமான வரி உண்டென்றால், வெளியூரில் கட்டியதற்கு அங்கே கிரெடிட் (வரியிலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகை) கிடைக்கும். அதனால் வெளியூர்ப் படிவங்களை முதலில் முடித்து, சொந்த மாநிலப் படிவத்தைக் கடைசியாகப் போட வேண்டும்.

மயாமி_மாறன் எழுதியது:

இதை அப்படியே காப்பி பண்ணிக்கிறேன் சார். என் அக்கா பையனோட காலேஜ் சிநேகிதன் ஒருத்தன் போன வருஷம் பிராக்டிஸ் ஸ்குவாடுல இருந்தான். கையோட அவனுக்கு அனுப்பறேன்.